நூலிழையில் எழும் நாதம்

கச்சேரி தொடங்கும் முன் மேடையில் ஒருவர் தம்புராவின் மேல் குனிந்து, தந்திகளுக்கு அடியில் எதையோ நகர்த்திக்கொண்டிருப்பார். சுருதி சேர்க்கிறார் என்று நினைப்போம். அந்த வேலை பிருடையிலும் மணியிலும் முடிந்திருக்கும். இப்போது அவர் நகர்த்துவது ஒரு துண்டு நூல். பெயர் ஜீவா.

ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் வீணை எது, நாகஸ்வரம் எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம். இந்த வேறுபாட்டுக்குப் பாடநூல் வைத்த பெயர் ‘ஒலியின் தரம்’. தரம் என்றதும் உசத்தி, மட்டம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கும் தபால்தலைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் ‘ஒலியின் நிறம்’ என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அந்த நிறம் ஒரு கலவை. நொடிக்கு 100 முறை அதிரும் தந்தி அதோடு நிற்பதில்லை. 200, 300, 400 என்று மேற்சுரங்களும் கூடவே எழும்பும். எது தூக்கல், எது அடக்கம் என்பதில்தான் ஒவ்வொரு வாத்தியமும் வேறுபடுகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்.

தம்புரா அவருடைய கணக்குக்குள் அடங்கவில்லை. தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால், அந்த இடத்தில் அசைவே இல்லாத 2, 4, 6ஆம் மடங்கு மேற்சுரங்கள் எழக்கூடாது. தம்புராவில் அவை கணீரென்று கேட்பதை சி.வி. ராமன் 1921இல் எழுதினார். காரணம் தந்திகளைத் தாங்கும் குதிரையில் இருக்கிறது. வயலின் குதிரையின் விளிம்பு கூர்மை. தம்புராவின் குதிரை அகலமாக, மேற்பரப்பு லேசாக வளைந்திருக்கும். அதிரும் தந்தி ஒவ்வொரு முறையும் அந்த வளைவை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசலில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. உரசல் எங்கே, எவ்வளவு என்று தீர்மானிப்பது ஜீவா. மயிரிழை தள்ளினால் போதும், மொட்டையாக ஒலித்த தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் மறுபடி மொட்டை. இதற்கு அளவுகோல் கிடையாது, காதுதான்.

ஜீவா நன்றாகப் பிடித்த தம்புராவில் யாரும் மீட்டாத ஒரு சுரமும் கேட்கும். நான்கு தந்திகளும் பஞ்சமமும் சட்ஜமும்தான். ஆனால் மந்தர சட்ஜத் தந்தியின் 5ஆம் மடங்கு அதிர்வு அந்தர காந்தாரமாக மேலே மிதக்கும். பாடகர்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள்.

சுருதிப் பெட்டியும் கைபேசிச் செயலியும் சுருதிக்குப் போதும். காந்தாரம் கேட்க வேண்டுமென்றால், அடுத்த கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் மேடைக்கு அருகில் உட்காருங்கள்.