உங்களுக்குத் தெரியுமா? மோனோபலியைப் படைத்த மாது

பிறர் சொத்தையெல்லாம் தன்வசமாக்கி, ஏனையோரைத் திவாலாக்குபவரையே வெற்றியாளராகக் கொள்ளும் ‘மோனோபலி’ ஆட்டத்தின் மூலவடிவம், அத்தகைய ஏகபோகத்தைக் கண்டிக்கும் நோக்கத்துடனேயே பிறந்தது. நிலவாடகையால் சிலர் கொழுக்கப் பலர் வறுமையுறுகின்றனர் என்ற ஹென்றி ஜார்ஜின் பொருளாதார சித்தாந்தத்தில் ஆழ்ந்த பற்றுக்கொண்ட எலிசபெத் மேகி என்னும் அமெரிக்க மாது, அவ்வுண்மையைச் சாமானிய ஜனங்களும் விளையாட்டாகவே உணர்ந்துகொள்ளும் பொருட்டு, ‘நிலச்சுவான்தார் ஆட்டம்’ என்றதொரு பலகையாட்டத்தைச் சிருஷ்டித்து, 1904-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

கைக்குக் கை மாறிப் பரவிய அவ்வாட்டம், அட்லாண்டிக் சிட்டி நகரத்துக் குவேக்கர் சமயத்தாரிடம் அவ்வூர்த் தெருப் பெயர்களைப் பெற்று, பின்னர் சார்லஸ் டாரோ என்பவரை அடைந்தது. 1935-இல் அதைப் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்ற டாரோ செல்வந்தராக, மேகிக்கோ தம் காப்புரிமைக்குக் கிட்டியது 500 டாலர் மாத்திரமே. உழைத்தவருக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி இது.

இன்று ஆடப்படும் மோனோபலி முடிவின்றி நீள்கிறதென்று சலிப்போர் பலர். காயை நகர்த்தி ஒரு மனையை அடைந்தவர் அதை வாங்க மறுத்தால், வங்கி அதனை உடனே ஏலத்தில் விடவேண்டுமென்பது அச்சிட்ட விதி. பல குடும்பங்கள் அதைக் கைவிட்டுவிடுவதால் மனைகள் நெடுநேரம் விலைபோகாமல் கிடக்கின்றன. வங்கியிலுள்ள வீடுகளும் 32 மாத்திரமே. அவை தீர்ந்தபின், எவரேனும் திருப்பிக் கொடுக்கும்வரை, எத்துணைப் பணமிருந்தும் புதிதாய் வீடு கட்ட இயலாது.