தோட்டத்து நாய்க்குட்டி சோறு தின்னாவிட்டால்



சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், எங்கள் திராட்சைத் தோட்டக் காவலுக்காக வாங்கிய மூன்று மாதக் கோம்பைக் குட்டி இறந்துபோனது. செவ்வாய்க்கிழமை காலை சோற்றைத் தொடவில்லை. மழைக்குளிர் என்று நினைத்தேன். புதன்கிழமை நுரையாக வாந்தி எடுத்தது. வேலையாள் மோரில் மஞ்சள் கலந்து ஊற்றட்டுமா என்றார், நானும் சரி என்றேன். வியாழன் இரவு இரத்தமாகப் பேதி போயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் முடிந்துவிட்டது. பிறகு கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தடுப்பூசி போட்டீங்களா?" போடவில்லை. பக்கத்துக் கோம்பை ஊரின் இனம், இந்த மண்ணின் நாய், அதற்கு நோய் வராது என்ற பேச்சை நானும் நம்பியிருந்தேன்.

இந்த இதழில் நாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். காவலுக்கும் மந்தைக்கும் விவசாயத்துக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பாத்திரம் கழுவுவது போன்ற சட்ட விவரங்களை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

என் குட்டிக்கு வந்தது பார்வோ என்ற வைரஸ் நோய் என்று மருத்துவர் சொன்னார். 1978-இல்தான் உலகம் இதை அறிந்தது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளை அதிகம் தாக்கும். முதலில் சோர்வு, பசியின்மை, பிறகு வாந்தி, அதன்பின் கெட்ட நாற்றத்துடன் இரத்தப் பேதி. வாந்தி தொடங்கி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். வைரஸைக் கொல்ல மருந்தில்லை. உடம்பில் நீர் வற்றாமல் குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, அந்தச் சில நாட்களைத் தாண்ட வைப்பதுதான் வைத்தியம். முதல் நாளே கொண்டுபோனால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும், சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது. ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து அந்த இடத்தைக் கழுவ வேண்டும். செத்த குட்டி கிடந்த இடத்தில் ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கட்டாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடித்திருக்கலாம். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும், மெல்ல இறங்கினால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு ஆபத்து நம் பந்தலிலேயே தொங்குகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுதும் காய்க்கிறது, உதிர்ந்த பழம் எப்போதும் தரையில் கிடக்கிறது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நாய்கள் தின்றும் ஒன்றும் ஆகாது, சிலவற்றுக்கு ஒரு கைப்பிடியே போதும். எந்த நாய் எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியிலும் இருப்பதால் புளிக்கோதும் நாய்க்கு வேண்டாம். பழம் தின்ற சில மணி நேரத்தில் வாந்தி வரும், நாய் தேறியதுபோல் தெரியும், ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். தின்றதைக் கண்ணால் பார்த்தால் வாந்திக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே விஷமாகும். மருந்தடித்த அன்று எச்சில் ஒழுகி உடம்பு நடுங்கினால் பூச்சிமருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். நம் வீட்டுக் காய்ச்சல், வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணம் மாறி நிற்கும் குட்டியின் வாயில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். குட்டி கடித்தால் ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் மறைப்பார்கள், அதட்டாமல் கேளுங்கள். கடியோ கீறலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். 0, 3, 7, 28 என்ற நாட்களில் போடுவார்கள், ஒன்றையும் விடக் கூடாது.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் பார்வோ ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. குடற்புழு மருந்தும் அவசியம். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற இலவச எண் உண்டு. ஊசி போடாத குட்டி வைத்திருப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயரும் குட்டியின் வயதும் சொல்லுங்கள். எண்ணிக்கை தெரிந்தால், இன்ஷா அல்லாஹ், எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யலாம். கழுத்தில் கயிறும், கடிக்கிற குட்டியென்றால் வாய்க்கட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.