ரிட்டயர் ஆனப்புறம் மிருகக்காட்சி சாலையில சம்பளமில்லா வேலை: அதுக்கும் ஒரு எஸ்ஐபி வேணும்!



பொங்கலுக்கு ஊருக்குப் போக கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றவங்க வழியில வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலைப் பார்க்காம இருக்க முடியாது. "ரிட்டயர் ஆனதும் இந்த மாதிரி இடத்துல தன்னார்வலரா இருக்கணும்"னு ஆசைப்படுறவங்க நிறைய பேர். ஆசை நல்லதுதான். ஆனா அதுக்கு ஆகுற செலவை யாரும் கணக்குப் போடுறதில்லை. இன்னிக்கு அதைப் போடுவோம்.

வேலை என்ன?

புலிக்கூண்டுக்குள்ள போறது இல்லீங்க, அது பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேலை. தன்னார்வலர்கள் பொதுவா செய்றது பார்வையாளர்களுக்கு வழிகாட்டுறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்றது, விலங்குகளைச் சீண்டாமலும் தீனி போடாமலும் பார்த்துக்கிறது. சீண்டுறதும் தீனி போடுறதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேசத் தெரிஞ்ச, பொறுமையான 60 வயசுக்காரருக்கு இது கச்சிதமான வேலை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில வடநெம்மேலியில 1976-ல தொடங்கின சென்னை முதலைப் பண்ணை தன்னார்வலர்களைச் சேர்த்துக்குது. மற்ற இடங்கள்ல நேர்லயே போய்க் கேட்டுக்கணும். எங்க போனாலும் சம்பளம் கிடையாது. போக்குவரத்து, தங்குறது, சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் நம்ம கைக்காசுதான்.

பூதப்பாண்டிக்காரர் ஒருத்தரை எடுத்துப்போம்

ஒரு உதாரணத்துக்கு, வயசு 30, சென்னையில வேலை. 60 வயசுல தாடகை மலை அடிவாரத்துக்கே திரும்பிடணும், ஆனா வருஷத்துல 2 மாசம் சென்னையில தங்கி தன்னார்வலரா இருக்கணும்னு திட்டம். ஊர்ல சொன்னா, "சம்பளம் இல்லாம முதலைக்குக் காவல் இருக்கப் போறியாடே?"னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும், நாம கணக்கைப் பார்ப்போம்.

இன்னிக்கு விலையில ரூமும் சாப்பாடும் மாசம் 15,000 ரூபாய்னு வெச்சா 2 மாசத்துக்கு 30,000. சுமார் 700 கிலோமீட்டர் போய் வர்றதுக்கும் மற்ற செலவுக்கும் 6,000. ஆக வருஷம் 36,000 ரூபாய்.

விலைவாசி வருஷம் 6% ஏறுதுன்னா, 30 வருஷம் கழிச்சு இதே 36,000 சுமார் 2.07 லட்சமா நிக்கும். 60-லிருந்து 75 வயசு வரை 15 வருஷத்துக்கு, ரிட்டயர் ஆனப்புறம் வர்ற வட்டி விலைவாசிக்குச் சரியாப் போயிடும்னு வெச்சாக்கூட, சுமார் 31 லட்சம் தேவை.

தலை சுத்துதா? மாசத் தவணையைப் பாருங்க. வருஷம் 10% வருமானம்னு வெச்சா:

- 30 வயசுல ஆரம்பிச்சா: மாசம் சுமார் 1,400 ரூபாய். மொத்தம் போடுறது 5.04 லட்சம்.
- 40 வயசுல ஆரம்பிச்சா: மாசம் சுமார் 4,100 ரூபாய். மொத்தம் போடுறது 9.84 லட்சம்.

10 வருஷம் தள்ளிப்போட்டா தவணை கிட்டத்தட்ட மூணு மடங்கு! (மியூச்சுவல் ஃபண்ட் வருமானத்துக்கு உத்தரவாதம் கிடையாது. 10% நம்ம அனுமானம்தான்.)

முதல்ல வீட்டுச் செலவு, அப்புறம்தான் முதலை

இந்த 31 லட்சம் ஆசைக்கு மட்டும்தான். அடுப்பு எரிய வேற பணம் வேணும். "பிஎஃப் பென்ஷன் வருமே"ன்னு நினைச்சீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. இப்போதைய 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புல, 35 வருஷ சர்வீஸுக்கே மாசம் சுமார் 7,500தான் கிடைக்கும். 6% விலைவாசியில 30 வருஷம் கழிச்சு அந்த 7,500-க்கு இன்னிக்கு 1,300 ரூபாய்க்கு வாங்குற சாமான்தான் வரும்.

அதனால வரிசை இதுதான்: அவசர நிதி, மருத்துவக் காப்பீடு, ரிட்டயர்மென்ட் நிதி, அதுக்கு மேல ஆசைக்கான தனி எஸ்ஐபி. இதை மாத்திப் போட்டா, 60 வயசுல முதலைப் பண்ணைக்குப் பதிலா ஏதாவது கடையில பில் போட்டுட்டு இருப்போம். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனா நாம விரும்பிப் போனது இல்லையே!

இப்பவே ஒரு சாம்பிள்

உண்மையிலயே இது நமக்குப் பிடிக்குமான்னு 60 வரை காத்திருந்து பார்க்க வேண்டாம். பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் தாண்டினா சுசீந்திரம், தேரூர் குளங்கள். 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த பறவைகள் வாழிடம். தமிழ்நாட்டுல 2015-லிருந்து பொங்கல் லீவுல பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. கட்டணம் இல்லை, யார் வேணும்னாலும் கலந்துக்கலாம். இந்தப் பொங்கலுக்கு ஒரு காலை வேளை போய் நின்னு பாருங்க. வெயில்ல ரெண்டு மணி நேரம் சலிக்காம நிக்க முடிஞ்சா, உங்க ஆசை நிஜம்.

பணமா உதவணும்னா வண்டலூர்ல விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு கிடைக்காது. மனசுக்காகக் கொடுங்க, வரிக்காக வேண்டாம்.

சம்பளம் வாங்காம வேலை செய்றது ஒரு சுதந்திரம். அதை 60 வயசுல திடீர்னு வாங்க முடியாது, 30-லிருந்தே தவணையில வாங்கணும்.

உங்க ரிட்டயர்மென்ட் ஆசை என்ன? கமென்ட்ல சொல்லுங்க, அதுக்கும் கணக்குப் போட்டு ஒரு வீடியோ போட்டுடலாம்!