கண்ணுக்குத் தெரியாத வேலி

ஔந்துக்கு மேற்கே, பாலேவாடி ஓரமாகச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பாருங்கள். ‘டி.என். 28’ என்று எண் பொறித்த லாரிகளும் வரும். அவை நாமக்கல்லில் பதிவானவை. இதே சாலை பெங்களூரு வழியாகச் சென்னை வரை நீள்கிறது.

நள்ளிரவில் லாரி எங்கே நிற்கிறது என்பதை ஊரிலுள்ள உரிமையாளர் எவ்வாறு அறிகிறார்? வண்டியிலுள்ள கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைப் பெற்று இருப்பிடத்தைக் கணிக்கிறது. கைப்பேசிக் கோபுரத்தின் வழியே அதனை அனுப்புகிறது. செல்லவேண்டிய வழியைச் சுற்றிக் கணினி வரைபடத்தில் முன்னரே ஓர் எல்லை வரையப்பட்டிருக்கும். அதுவே புவிவேலி. வண்டி அதனைக் கடந்தால் உரிமையாளரின் கைப்பேசி ஒலிக்கும்.

வயல்வேலி மாட்டைத் தடுக்கும். இவ்வேலி எதையும் தடுக்காது, சொல்ல மட்டுமே செய்யும். எல்லையை மிகவும் குறுக்கினால், ஓட்டுநர் உணவருந்த ஒதுங்கினாலும் எச்சரிக்கை வரும். மிகவும் விரித்தாலோ, சரக்கு களவுபோன பின்னரே வரும். காத்ரஜ் சுரங்கத்தினுள் குறிப்பலை எட்டாது. அங்கே வண்டி சற்று மறைந்து தோன்றுவது இயல்பு. கருவிக்கு வரும் மின்கம்பியை யாரேனும் துண்டித்தால், தரமான கருவி தன் உள்மின்கலத்தைக் கொண்டு அச்செய்தியையும் அனுப்பிவிடும்.

எச்சரிக்கை வந்ததும் முதலில் ஓட்டுநரை அழைத்துக் கேட்பதே முறை. சக்கரம் பழுதாகி, அவரே உதவிக்குக் காத்திருக்கக்கூடும்.