புகையிட்ட மீன் கசப்பது ஏன்?

கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மீன் மலிந்து விலை இறங்கும் நாட்களில் கருவாடு போடுவதே வழக்கம். புகையிட்டும் விற்கலாம். நம் சமையலுக்கு இது புதிதன்று. கடைகளில் விற்கும் மாசி, சூரை மீனை அவித்துப் புகையிட்டு வெயிலில் காயவைத்ததே. லட்சத்தீவின் மினிக்காயில் இது பரம்பரைத் தொழில்.

புதிதாகப் புகையிடுவோருக்கு இரண்டு தொல்லைகள் வருவதுண்டு. மீன் கசந்துவிடும், அல்லது மேலே கறுத்தும் உள்ளே வேகாமலும் நிற்கும். இரண்டுக்கும் ஈரமே முதற்காரணம்.

ஈர விறகும் காற்றோட்டமில்லாத அடுப்பும் அடர்ந்த வெண்புகையைத் தரும். அதிலுள்ள கீல் போன்ற பொருள் ஈரமான மீன்மேல் படிந்து கசக்கும். மெலிதாக, நீலம் பாய்ந்து தெரியும் புகையே நல்லது. காய்ந்த தேங்காய் மட்டை, கொட்டாங்கச்சி ஏற்றவை. தைலமரமும் சாயம் பூசிய பலகையும் கூடவே கூடாது. 10 லிட்டர் நீருக்கு 1 கிலோ உப்பு கரைத்து, மீனை அரை மணி நேரம் ஊறவைத்து, மேல்புறம் வறண்டு பளபளக்கும் வரை நிழலில் காற்றாடத் தொங்கவிட்ட பிறகே புகையில் ஏற்ற வேண்டும்.

தடித்த துண்டுகள் ஓரளவு சூடேறியதும் வெகுநேரம் அதே சூட்டில் நின்றுவிடும். நெருப்பு போதவில்லை என்று விறகைத் திணிப்பது தவறு. மண்பானையில் நீர் குளிர்வது போலத்தான் இதுவும். மீனிலிருந்து கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. அந்நேரத்தில் தீயைக் கூட்டினால் மேல்புறம் ஓடு போல் இறுகி, ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். கொழுப்பு நெருப்பில் சொட்டி எரிந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனும் மீனில் ஏறும். ஐரோப்பிய நாடுகள் 2014 முதல் பெரும்பாலான புகைமீன்களில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை.

மேல்மூடியைச் சற்றே திறந்து ஈர ஆவியை வெளியேற்றிவிட்டுப் பொறுத்திருப்பதே வழி. உடனே உண்ணும் மீனானால், நிறம் ஏறியதும் வாழை இலையில் பொதிந்து வைக்கலாம். ஆவி அடைபட்டு உள்சூடு ஏறும். புகையும் மேற்கொண்டு பிடிக்காது. மாசி போல நாள்பட வைக்க வேண்டியதைப் பொதியக் கூடாது. அது காய வேண்டும்.

உண்ணும் மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது வீண் செலவன்று. இந்த மீனில் ஈரம் மிகுதி என்பதால் ஆறியதும் ஐஸில் வைக்க வேண்டும். கருவாடு போல வெளியில் வைத்தால் கெட்டுவிடும். ஐஸ் காணாத சூரை, சாளையில் உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் நச்சு, வேகவைத்தாலும் புகையிட்டாலும் நீங்காது. அத்தகைய மீனை இதற்கு எடுக்கவே கூடாது.