சக்கிமுக்கித் துப்பாக்கி

சக்கிமுக்கிக் கல்லை எஃகின்மீது உரசினால் தீப்பொறி பறக்கும். அந்தப் பொறி கல்லிலிருந்து பிறக்கிறதா, எஃகிலிருந்து பிறக்கிறதா? மாணவர்களை இவ்வாறு வினவினால் பெரும்பாலோர் கல்லிலிருந்து என்றே விடையிறுப்பர். உண்மை அதுவன்று. கல் எஃகைவிடக் கடினமானது; அதன் கூரிய விளிம்பு எஃகிலிருந்து மிக நுண்ணிய துகள்களைச் சுரண்டி எடுக்கிறது. உராய்வினால் சூடேறிய அத்துகள்கள் காற்றுப் பட்டதும் எரிகின்றன. நம் கண்ணுக்குப் பொறியாகத் தோன்றுவது எரியும் இரும்பேயாகும். இந்தச் சிறு உண்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு கருவி எழுந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகப் போர்க்களங்களில் அது கோலோச்சியது. அதுவே சக்கிமுக்கித் துப்பாக்கி.

அதற்கு முன் வழங்கியது திரித் துப்பாக்கி. எரிந்துகொண்டிருக்கும் கயிற்றுத் திரி ஒன்றை வளைந்த இரும்பு நா பற்றியிருக்கும். விசையை அழுத்தினால் நா தாழ்ந்து, குழலின் பக்கத்திலுள்ள பற்றுவாயில் இட்ட மருந்தைத் திரி தீண்டும். அமைப்பு எளியது, கிராமத்துக் கொல்லரும் செய்துவிடக் கூடியது. ஆனால் திரி அணையாமல் காக்கப்பட வேண்டும். இரவில் அதன் கனல் வீரனைக் காட்டிக் கொடுக்கும். வெடிமருந்தின் அருகே நெருப்பை வைத்துக்கொண்டு திரியும் இடரும் உண்டு.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் இதற்கு மாற்று உருவாயிற்று. துப்பாக்கியின் குதிரை என்னும் உறுப்பின் தாடையில், தோலில் பொதிந்த கல் ஒன்று இறுக்கப்பட்டது. விசையை இழுத்ததும் உள்ளே அடங்கியிருந்த வில் விடுபட்டுக் குதிரை முன்னே பாயும். கல் எதிரேயுள்ள எஃகுத் தகட்டில் மோதும். அந்தத் தகடே பற்றுவாய்க்கு மூடியுமாகும். ஆதலின் மோதிய கணத்திலேயே மூடி திறந்து, பொறிகள் பற்றுமருந்தில் விழும். அத்தீ சிறு துளை வழியே குழலுக்குள் புகுந்து உள்ளிருக்கும் மருந்தைக் கொளுத்தும். நெருப்பைச் சுமந்து திரிய வேண்டிய தேவை ஒழிந்தது. வேண்டும்போது நெருப்பைப் பிறப்பித்துக்கொள்ளலாம். எனினும் வில்லுக்குப் பதமான எஃகு வேண்டும். கல் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மழையில் பற்றுமருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடியாகிவிடும்.

இக்கருவியைக் கலைப்பொருளாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள். தாய்நாட்டில் அவர்கள் செய்தது குட்டையான குழலும் பருத்த குண்டும் உடைய வேட்டைத் துப்பாக்கி. புது நாட்டின் காடுகளில் ஈயமும் மருந்தும் அரியவை. ஆகவே குழலை நாற்பது அங்குலத்திற்கு மேல் நீட்டினர், துளையைச் சுருக்கினர். இதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். ஆங்கிலப் படையினரின் துப்பாக்கிக் குண்டு ஏறத்தாழ 0.69 அங்குல விட்டமுடையது. ஒரு ராத்தல் ஈயத்தில் 14 குண்டுகள் வார்க்கலாம். 0.45 அங்குலக் குண்டானால் அதே ஈயத்தில் 50 குண்டுகள் தேறும். உருண்டையின் எடை விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைவதே காரணம்.

குழல் செய்யும் முறையும் வியப்புக்குரியது. இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, விளிம்புகளை உலையில் அடித்து ஒட்டவைப்பர். பின்னர் உள்ளே துளையைச் சீர்செய்து, கையால் இழுக்கும் வெட்டுக்கருவி கொண்டு திருகுபோல் சுழலும் வரிகளை அறுப்பர். அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று வெளிவரும் குண்டு, சுழலும் பம்பரம் சாயாது நிற்பதைப்போல், தன் நெறி பிறழாமல் செல்லும். எண்ணெய் தோய்ந்த துணியில் குண்டைப் பொதிந்து சலாகையால் இடிக்க வேண்டியிருந்ததால், நிமிடத்திற்கு ஒருமுறை சுடுவதே பெரிது. வரியற்ற படைத்துப்பாக்கியோ மும்முறை சுடும். ஆனால் நூறு கஜத்திற்கு அப்பால் அதன் குறியை நம்ப இயலாது.

அமெரிக்காவுக்கு அவ்வளவு தொலைவு போவானேன்? எங்கள் குலசேகரன்பட்டினத்துக் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையிலும் கைத்தேர்ச்சி மிக்க துப்பாக்கிக் கொல்லர்கள் வாழ்ந்தனர். சிங்களத் துப்பாக்கியின் பொறியமைப்பு இடப்பக்கம் இருக்கும். கட்டையின் அடி இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும். தந்தமும் வெள்ளியும் இழைத்த வேலைப்பாடு அதனை அணிசெய்யும். திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளிலும் சிறந்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் உருவாயின. அவற்றுட் சில இன்றும் பிரிட்டனின் காட்சிசாலைகளில் உள்ளன. நம்மவர்க்கு இத்தொழில் தெரியாது என்பது பொருந்தாக் கூற்று.

ஆயினும் நெல்லைச் சீமையின் பாளையக்காரர் படைகளில் மிகுந்திருந்தவை திரித் துப்பாக்கியும் ஈட்டியுமே. கம்பெனியார் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. அது கொண்டே அவர்கள் வென்றனர் என்று சொல்லிவிடுவது எளிது. பாஞ்சாலங்குறிச்சியின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். சின்னாட்களில் மண்ணாலேயே கோட்டை மீண்டும் எழுந்தது. மார்ச் 31 அன்று கம்பெனிப் படை அதனைத் தாக்கியது. பீரங்கி பிளந்த வாயிலில் ஏறிய வீரர்களை நீண்ட ஈட்டிகள் எதிர்கொண்டன. ஏன் துப்பாக்கி அங்கே உதவவில்லை? ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டுக் குண்டிட்டுச் சலாகையால் இடிக்க இருபது விநாடி வேண்டும். குறுகிய பிளவில் எதிரி அவ்வளவு பொழுது தரமாட்டான். அப்பொழுது துப்பாக்கி முனையில் செருகிய குத்துவாளே துணை. கட்டையும் குழலும் குத்துவாளும் சேர்ந்தாலும் ஆறடி; ஈட்டியோ அதனினும் நெடிது. படை பேரிழப்புடன் பின்வாங்கியது. அக்களத்தில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1830இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எதிரிகளின் துணிவை மறைக்காமல் எழுதியுள்ளார். கூடுதல் படையும் பெரும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

வென்றது ஒரு துப்பாக்கியன்று. ஒரே அளவில் ஆயிரக்கணக்காகச் செய்து அனுப்பும் பட்டறைகளும், குறையாது வந்துசேரும் மருந்தும், கடல்வழியும், பணமும் சேர்ந்தே வென்றன. மருந்தில் முக்காற்பங்கு வெடியுப்பு. அந்த வெடியுப்பைக் கம்பெனியார் பீகாரிலிருந்தே கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

போருக்குப் பின் வந்ததே நீண்டகால விளைவுடையது. 1799இலும், மீண்டும் 1801 டிசம்பரிலும் வெளியிட்ட அறிக்கைகளால் இப்பகுதி மக்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன, கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்டன. 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்க்கு உரிமம் வேண்டுமென விதித்து, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. சுதந்திர இந்தியாவில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மக்கள் கையில் படைக்கலம் பெருகாமல் இருப்பது நாட்டின் அமைதிக்கு நல்லதே. ஆனால் அன்று பறிபோனது ஆயுதம் மட்டுமன்று. வாங்குவார் இல்லாத தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதில்லை. குழல் ஒட்டும் பதமும் வில்லுக்கு எஃகு காய்ச்சும் பக்குவமும் ஏட்டில் எழுதப்படாதவை. கை ஓய்ந்தால் அவையும் ஓயும்.

அமெரிக்காவிலும் தொழிற்சாலைகள் பெருகியபோது இக்கைத்தொழில் அருகியது. எனினும் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க் என்னும் பழம்பெரும் ஊரில், வாலஸ் கஸ்லர் என்னும் கொல்லர் பழைய கருவிகளைக் கொண்டே ஒரு நெடுந்துப்பாக்கியை முழுவதும் செய்து காட்டினார். 1969இல் அது திரைப்படமாகவும் பதிவாயிற்று. இன்றும் அங்கே கைவினைஞர் பலர் அம்மரபில் உழைக்கின்றனர். அவர்கள் போற்றுவது போரையன்று, முன்னோர் கையின் அறிவை. நம் ஊர்களில் பனைத்தொழிலுக்கும் தோணிகட்டும் தொழிலுக்கும் இத்தகைய பதிவு வேண்டும். அறிந்த முதியோர் இருக்கும்போதே மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழைய படைக்கலங்கள் வைக்கப்பட்டுள்ளன. அங்கே செல்ல வாய்ப்பு நேர்ந்தால், துப்பாக்கியின் நீளத்தையும் பித்தளைப் பூணையும் மட்டும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடாதீர்கள். பற்றுவாயின் அருகே குனிந்து நோக்குங்கள். அங்கிருப்பது திரியைப் பற்றும் நாவா, கல்லைக் கவ்வும் தாடையா? அதைக் கண்டறிந்தால், அத்துப்பாக்கியை ஏந்தியவன் நெருப்பைச் சுமந்து நடந்தவனா, நெருப்பைப் பிறப்பித்தவனா என்பது விளங்கிவிடும்.