பதக்கத்தின் பின்பக்கம் – 9: பார்த்தவர் உயிரோடு இருக்க வேண்டும்

போன வாரம் ‘டபிள்யூ’ கடற்கரையில் லங்காஷயர் பட்டாளத்துக்குக் கிடைத்த ஆறு விக்டோரியா கிராஸ்களைப் பார்த்தோம். இந்த வாரமும் அதே நாள்தான்: 1915 ஏப்ரல் 25. அதே கலிப்போலி முனை. கொஞ்சம் கிழக்கே தள்ளி, செத்துல்பாகிர் கோட்டையின் காலடியில் ஒரு சின்ன வளைகுடா. பிரிட்டிஷ் வரைபடத்தில் ‘வி’ கடற்கரை. துருக்கியருக்கு அது எர்துருல் விரிகுடா. இங்கேயும் ஆறு விக்டோரியா கிராஸ்கள். ஆனால், வாங்கிய ஆறு பேரும் கடற்படை ஆட்கள்.

அன்று இங்கே படையை இறக்க வந்த ‘ரிவர் கிளைட்’ போர்க்கப்பலே அல்ல, 1905இல் கட்டிய பழைய நிலக்கரிக் கப்பல். இதன் வயிற்றில் இரண்டாயிரம் சிப்பாய்களை அடைத்து நேரே கரையில் கொண்டுபோய் முட்டிவிடலாம், பக்கவாட்டில் வெட்டிய கதவுகள் வழியாக இறக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் கமாண்டர் எட்வர்ட் அன்வின். வணிகக் கப்பல்களில் தொழில் கற்று, கடற்படையில் சேர்ந்து, ஓய்வும் பெற்றபின் போருக்காகத் திரும்பக் கூப்பிடப்பட்டவர். வயது 51. ஜலசந்திக்கு எதிர்க்கரையில்தான் பழைய ட்ராய் நகரம் இருந்த மேடு. மரக்குதிரைக் கதை எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அந்தக் குதிரையை ஊர்க்காரர்களே உள்ளே இழுத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கப்பல் தரைதட்டியது காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால். ஆனால், கரைக்கு இன்னும் தூரம் இருந்தது. ஆளை மூழ்கடிக்கும் ஆழம். இடைவெளியை அடைக்கக் கூடவே வந்த நீராவித் தோணி திசைமாறிப் பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டது. மேட்டில் பதுங்கியிருந்த துருக்கியர் ஒரு பட்டாளத்தின் சிறு பகுதிதான். அவர்களில் யஹ்யா சாவுஷ் என்ற சார்ஜெண்டுக்கு இன்று அந்த மேட்டில் நினைவுச்சின்னம் இருக்கிறது. கப்பலும் படகுகளும் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள்.

அன்வின் கப்பலைவிட்டுக் கீழே இறங்கினார். கூடவே வில்லியம் வில்லியம்ஸ் என்ற மாலுமி. சரக்குத் தோணிகளை வரிசையாக இழுத்துப் பாலம் போட வேண்டும். தோணியைக் கட்டிவைக்க எதுவும் அகப்படவில்லை. ஆகவே, மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வடத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாலத்தின் மேல்தான் மன்ஸ்டர் பட்டாளத்து ஐரிஷ்காரர்கள் ஓடிவந்தார்கள், ஓடிவந்தவர்களில் பெரும்பாலோர் விழுந்தார்கள். வில்லியம்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வடத்தை விடவில்லை. அவருக்கு உயிர்போகும் காயம் பட்டபோது அவரைத் தாங்கிப் பிடிக்க அன்வின் வடத்தை விட்டார். தோணி நகர்ந்தது, பாலம் போயிற்று. பதக்கம் வாங்கித் தந்த அந்தச் செயல் கடைசியில் பலிக்கவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். கப்பலுக்குள் எஞ்சியிருந்த ஆயிரம் பேர் அளவிலானவர்கள் இருட்டிய பிறகுதான் இறங்க முடிந்தது.

மிட்ஷிப்மேன் ஜார்ஜ் டிரூரி தலையில் காயத்தோடு, தோணிக்குத் தோணி கயிற்றைக் கடித்துக்கொண்டாவது கொண்டுபோய்விடுவது என்று நீந்திப் பார்த்துச் சோர்ந்தார். அவர் விட்ட இடத்தில் தொடங்கியவர் வில்ஃப்ரட் மாலெசன். பிறந்தது புனேக்குப் பக்கத்தில் கிர்கி. அப்போது வயது 18. கயிற்றைச் சேர்த்துவிட்டார், கயிறு அறுந்தது, மறுபடி இரண்டு தடவை முயன்றார். ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் சாம்சன் பகல் முழுக்கத் தோணியின் மேலேயே நின்று காயம்பட்டவர்களைக் கவனித்தார், கடைசியில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளை உடம்பெல்லாம் வாங்கிக்கொண்டார். தேறி ஊர் திரும்பியபின் சாதாரண உடையில் இருந்த அவரிடம், போருக்குப் போகாத கோழை என்று ஒரு வெள்ளை இறகு நீட்டப்பட்டதாகச் சொல்வார்கள்.

இந்த ஐந்து பேரின் பெயரும் ஆகஸ்டிலேயே அரசிதழில் வந்துவிட்டது. வில்லியம்ஸுக்கு இறந்தபின். அன்று கடற்படைக்காரர் அணிந்த விக்டோரியா கிராஸின் நாடா நீலம். எல்லாப் படைக்கும் ஒரே சிவப்பு என்றானது 1918இல்தான்.

ஆறாவது ஆளுக்கு மட்டும் ஏன் 1916 மார்ச் வரை ஆயிற்று? இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் இந்தக் கடற்கரையை எடுத்துக்கொண்டேன்.

ஆர்தர் டிஸ்டால். பம்பாயில் பிறந்த பாதிரியார் மகன். கேம்பிரிட்ஜில் கிரேக்க, லத்தீன் இலக்கியத்துக்குத் தங்கப்பதக்கம் வாங்கியவர். கரையில் கிடந்தவர்கள் கூப்பிடும் குரல் கேட்டுத் தண்ணீரில் குதித்தார். ஒரு படகை முன்னால் தள்ளிக்கொண்டே போய் ஆட்களை ஏற்றிவந்தார், நாலைந்து தடவை. யாரோ ஓர் அதிகாரி இப்படிச் செய்ததைக் கண்டவர்கள் உண்டு. ஆனால் அவர் அன்வினின் ஆள் அல்ல, வேறு பிரிவிலிருந்து தற்காலிகமாக அனுப்பப்பட்டவர். பதினோராம் நாள், மே 6 அன்று, தரைப்போரில் இறந்தும் போனார். அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சாட்சிகளைச் சேர்க்க அத்தனை மாதங்கள் ஆயின. இதை அரசிதழே ஒப்புக்கொள்கிறது.

வீரப்பதக்கம் வீரத்தை அளப்பதில்லை என்பது என் எண்ணம். உயிரோடு மிஞ்சிய ஓர் அதிகாரி பார்த்ததை, எழுதியதை அளக்கிறது. மற்ற நால்வரும் அன்வினின் கண்ணெதிரே இருந்தவர்கள். அவர்களைப் பற்றி எழுத அவர் இருந்தார். அதே காலையில் டப்ளின் பட்டாளத்தைத் திறந்த படகுகளில் ஏற்றி, துடுப்புப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்த மாலுமிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்காவது இரும்புச் சுவர் இருந்தது; அவர்களுக்குப் படகின் பலகைதான். படகோடு செத்தவர்களைப் பற்றி யார் எழுதுவது? மேலே பறந்த விமானி, கரையோரத் தண்ணீர் சிவந்து கிடந்ததைப் பார்த்தார். முகங்களைப் பார்க்க முடியாத உயரம்.

கப்பலுக்குள் மருத்துவர் பரோஸ் கெல்லி, தானே குண்டடிபட்டு நடக்க முடியாத நிலையிலும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை செய்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு படி கீழான டி.எஸ்.ஓ. டிஸ்டாலோடு படகு தள்ளிய மாலியா, பெர்ரிங், கர்டிஸ், பார்கின்சன் ஆகிய நால்வரின் பெயரும் அவருடைய பதக்கக் குறிப்பில் உண்டு. விக்டோரியா கிராஸ் இல்லை. அவர்களில் கர்டிஸ் ஜூன் 4இலிருந்து காணவில்லை என்ற தகவலும் அதே குறிப்பில் இருக்கிறது.

மறுநாள் காலை மன்ஸ்டர் பட்டாளத்து கார்ப்பரல் கோஸ்க்ரோவ் முள்கம்பி நட்ட கம்பங்களை வெறுங்கையால் பிடுங்கினார். தரைப்படைக்கு இந்தக் கடற்கரையில் விக்டோரியா கிராஸ் வந்தது அப்போதுதான். அது அடுத்த வாரம்.